ஆலமரத்தடியும் கோட்டை நூலகமும்: ஷார்ஜாவில் உசாத்துணையின் கதை

நூலை இரவல் கொடுப்பது நூலகத்தின் ஒரு வேலை. வாசகர் கொண்டுவரும் கேள்விக்கு விடை இருக்கும் பக்கத்தைத் தேடி எடுத்துக் காட்டுவது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலையைத் தமிழ்நாட்டு நூலகங்கள் ‘குறிப்புதவி’ என்கின்றன. ஈழத்தில் அதற்கு ‘உசாத்துணை’ என்று பெயர். உசாவுதல் என்றால் கேட்டு ஆராய்தல். கேட்பவரும் துணை நிற்பவரும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பதால் ஈழத்துச் சொல்லே வேலைக்குப் பொருத்தமானது. அரபு மொழியில் இத்தகைய நூலுக்கு ‘மர்ஜிஃ’ என்று பெயர். ‘திரும்பிவந்து சேரும் இடம்’ என்பது அதன் வேர்ப்பொருள்.

ஷார்ஜாவின் ரோலா, மக்கள் திரும்பத் திரும்ப வந்து சேர்ந்த ஓர் இடம். வளைகுடாத் தமிழர்களுக்கு அது துணிக்கடைகளும் பணம் அனுப்பும் நிலையங்களும் விடுமுறை நாள் கூட்டமும் நிறைந்த பகுதி. அந்தப் பெயரோ ஒரு மரத்துக்கு உரியது. ‘ரோலா’ என்பது அந்த வட்டார அரபில் ஆலமரம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷார்ஜாவை ஆண்ட ஷேக் சுல்தான் பின் சக்ர் அல் காசிமியின் காலத்தில் நட்டதாகச் சொல்லப்படும் மரம் அது. பெருநாள்களில் அதன் கிளைகளில் ஊஞ்சல் கட்டினார்கள். மற்ற நாள்களில் அதன் நிழலில் ஊர் கூடியது. நம் ஊர் ஆலமரத்தடியில் நடப்பதெல்லாம் அங்கும் நடந்தது. கடலுக்குப் போன படகு எப்போது திரும்பும், முத்து என்ன விலைக்குப் போகிறது, பம்பாயிலிருந்து கடிதம் வந்ததா என்று கேட்பதற்கு ஆட்கள் இருந்தார்கள். கேள்விகளுக்கு அந்த ஊரில் ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. எழுதிவைத்த விடைதான் நெடுங்காலம் வேறு ஊரில் இருந்தது.

முத்து வணிகர்களின் கையில் மட்டும் ஒரு வகை உசாத்துணை நூல் புழங்கியது. முத்தின் விலை அதன் எடைக்கு நேர் விகிதத்தில் கூடுவதில்லை; எடை இரண்டு மடங்கானால் மதிப்பு நான்கு மடங்காகும் என்ற கணக்கில், எடையின் வர்க்கத்தைக் கொண்டு ‘சௌ’ என்ற அலகில் முத்தை மதித்தார்கள். மன்னார்க் கடலில் எடுத்த முத்துக்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். கடல் நடுவே படகுக்குப் படகு தாவி முத்து வாங்கும் ‘தவ்வாஷ்’ வணிகர் ஒவ்வொரு முறையும் வர்க்கம் பெருக்கிக்கொண்டிருக்க முடியாது. எடையைச் சௌவாக மாற்றிக் காட்டும் பட்டியல் நூலைப் பிரித்துப் பார்த்து விலை சொன்னார். ஒரு கேள்வி, ஒரு பக்கம், ஒரு விடை. பின்னாளில் நூலகவியல் இதற்கு ‘உடனடி உசாத்துணை’ என்று பெயர் வைத்தது.

ஊரைப் பற்றிய அறிவு ஊரைவிட்டு வெளியேறிய வழி வேறு. 1823 முதல் ஆங்கிலேயர் ஷார்ஜாவில் ஓர் உள்ளூர் முகவரை வைத்திருந்தார்கள். கரையோர ஷேக்குகளுக்கிடையே நடப்பதை அவர் எழுதி அனுப்புவார். கடிதம் பாரசீகக் கரையிலுள்ள புஷஹருக்குப் போகும். அங்கிருந்து பம்பாய் அரசுக்குப் போகும். 1873க்குப் பிறகு இந்திய அரசே வளைகுடா விவகாரங்களை நேரடியாகக் கவனித்தது. ஷார்ஜாவில் யார் யாரோடு சண்டை, யாரிடம் எத்தனை படகு என்ற விவரமெல்லாம் இப்படியே பம்பாயிலும் கல்கத்தாவிலும் கோப்புகளாக அடுக்கப்பட்டது.

அந்தக் கோப்புகளிலிருந்து பிறந்ததுதான் வளைகுடாவைப் பற்றிய மிகப் பெரிய உசாத்துணை நூல். 1903 நவம்பரில் வைஸ்ராய் கர்சன் வளைகுடாவில் சுற்றுப்பயணம் செய்தார். ஷார்ஜாவுக்கு அப்பால் கடலில் நங்கூரமிட்டிருந்த ‘ஆர்கோநாட்’ போர்க்கப்பலில் கரையோர ஷேக்குகளை வரவழைத்து தர்பார் நடத்தினார். அந்தப் பயணத்தை ஒட்டி, அதிகாரிகள் கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறு கையேடு ஒன்று வேண்டும் என்று ஜே. ஜி. லோரிமர் என்ற அதிகாரியிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. சில மாதங்களில் முடிய வேண்டிய வேலை பன்னிரண்டு ஆண்டுகள் நீண்டது. சிறு கையேடு சுமார் 5,000 பக்கங்கள் ஆனது. ஊர்களையும் குலங்களையும் அகர வரிசையில் தரும் புவியியல் தொகுதி 1908இல் கல்கத்தாவில் அச்சானது. வரலாற்றுத் தொகுதி 1915இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே லோரிமர் புஷஹரில் தம் துப்பாக்கி வெடித்து இறந்துவிட்டார். மிச்ச வேலையை மற்றவர்கள் முடித்தார்கள்.

உசாத்துணை நூல் எப்படி அமைய வேண்டும் என்பதற்கு லோரிமரின் நூல் நல்ல எடுத்துக்காட்டு. ஊர்ப் பெயரைத் தேடினால் அதன் இருப்பிடம், வீடுகள், குடிகள், படகுகள், பேரீச்ச மரங்கள் என்று விவரம் வரிசையாகக் கிடைக்கும். ஆனால் அதை யார் பிரித்துப் பார்க்கலாம் என்பதில்தான் குறை. அரசு இரகசியம் என்று பூட்டி வைக்கப்பட்ட அந்நூலின் தடை 1955வரை நீங்கவில்லை. ஷார்ஜாவில் எத்தனை வீடு என்ற விவரம் கல்கத்தா அதிகாரியின் மேசையில் இருந்தது. ஷார்ஜாக்காரருக்கு அதைப் பார்க்க அனுமதி இல்லை. தகவலைத் திரட்டுவது மட்டுமே உசாத்துணை ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஊருக்குள் வாசிப்பு வளர்ந்த இடம் மஜ்லிஸ், அதாவது வீட்டின் வரவேற்புக் கூடம். கெய்ரோவில் அச்சான இதழ்களும் பம்பாயில் கல்லச்சில் அடித்த அரபு நூல்களும் கப்பலில் வந்தன. ஒருவர் வாங்கியதைப் பலர் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். ஷார்ஜாவில் இப்ராகிம் அல் மித்ஃபாவின் கூடம் இதற்குப் பேர்போனது. அவர் 1927இல் ‘ஒமான்’ என்ற செய்தித்தாளைக் கையாலேயே எழுதிப் படி எடுத்துச் சுற்றுக்கு விட்டார். வட்ட வடிவக் காற்றுக் கோபுரத்தோடு அவருடைய வீடு இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது. அச்சகமில்லாத ஊரில் செய்தி கேட்டு வருபவர்களுக்கு அந்தக் கூடம் உசாத்துணைக் கூடமாகவே இருந்திருக்க வேண்டும்.

நூலகம் என்ற பெயரோடு முதலில் தோன்றியது கோட்டை நூலகம். ரோலாவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்திலுள்ள அல் ஹிஸ்ன் கோட்டை 1820களில் எழுந்தது. ஆட்சியாளரின் வீடும் அலுவலகமும் சிறையும் அதற்குள்தான். 1924இல் ஆட்சிக்கு வந்த ஷேக் சுல்தான் பின் சக்ர் அல் காசிமி, மரம் நட்ட காலத்து ஆட்சியாளரின் பெயரையே கொண்டவர். மறு ஆண்டு, 1925இல், கோட்டைக்குள் தம் நூல்களைக் கொண்டு காசிமியா நூலகத்தை ஏற்படுத்தினார். வளைகுடாவின் மற்ற ஊர்களிலும் அது நூலகங்களின் விடிகாலம்: குவைத்தில் 1923இல் மக்கள் நூலகம் தோன்றியது, பஹ்ரைனின் மனாமாவில் பொது நூலகம் 1946இல் வந்தது, துபாயின் முதல் பொது நூலகம் 1963இல் அல் ராஸ் பகுதியில் கடற்கழி ஓரமாகத் திறந்தது. இன்றைய ஐக்கிய அரபு அமீரக எல்லைக்குள் ஷார்ஜாதான் முந்திக்கொண்டது.

காசிமியா நூலகம் ஆட்சியாளரின் அலமாரி. எந்த நூல் எங்கே இருக்கிறது என்பது அதை வைத்தவருக்குத் தெரியும். கேட்டவருக்கு அவர் எடுத்துக் கொடுப்பார். தொகுப்பு சிறியதாக இருக்கும்வரை இந்த ஏற்பாடே போதும். நூல்கள் பெருகி, கேட்பவர்கள் அறிமுகமில்லாதவர்களாக மாறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அந்தச் சிக்கலுக்கு விடை தேடியவர்களில் முதன்மையானவர் அதே 1925இல் கடலுக்கு இந்தப் பக்கம் வேலையைத் தொடங்கினார்.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். வாசகர்கள் எட்டிப்பார்க்காத அந்த நாற்காலி ஒரே வாரத்தில் அவருக்குச் சலித்துவிட்டது. வகுப்பறைக்கே திரும்பிவிட விரும்பினார். லண்டனுக்குப் போய் நூலகவியல் படித்து 1925இல் திரும்பியபோது அந்தச் சலிப்பு காணாமல் போயிருந்தது. 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது. உசாத்துணைக்கு அடிப்படை இந்த விதிதான். 1940இல் சி. சுந்தரத்தோடு இணைந்து உசாத்துணைப் பணி பற்றித் தனி நூலே எழுதினார். சில நிமிடங்களில் முடிந்துவிடும் உடனடிப் பணியையும், பல நூல்களைப் புரட்டி நாள்கணக்கில் தேட வேண்டிய நெடும் பணியையும் அவர் வேறு பிரித்தார். நெடும் பணிதான் நூலகருக்குச் சோதனை.

ரங்கநாதனுக்கு அரை நூற்றாண்டு முன்பே அமெரிக்காவில் இந்தப் பேச்சு எழுந்திருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகர நூலகர் சாமுவேல் ஸ்வெட் கிரீன் 1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூலகர் மாநாட்டுக்கு ஒரு கட்டுரை எழுதினார். நூலகர் வாசகரோடு பழக வேண்டும், கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும், விடை கிடைக்காமல் அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அதன் சாரம். வூஸ்டர் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். நூலகத்துக்கு வந்தவர்களில் கைத்தொழில் செய்பவர்களும் இருந்தார்கள். உசாத்துணை என்ற எண்ணம் முளைத்தது அறிஞர்களின் ஆய்வறையில் அல்ல, பொது நூலகத்தில்.

ஷார்ஜாவில் கோட்டை நூலகம் வெளியே வர முப்பது ஆண்டுகள் ஆயின. நவீனப் பள்ளிக்கூடம் 1953இல் தொடங்கியதும் மாணவர்கள் என்ற புதிய வாசகர் கூட்டம் உருவானது. 1956இல், கவிஞராகவும் அறியப்பட்ட ஆட்சியாளர் ஷேக் சக்ர் பின் சுல்தான், நூலகத்தைக் கோட்டைச் சதுக்கத்திலிருந்த விருந்தினர் மாளிகையின் மாடிக்கு மாற்றினார். சில அடி தூர நகர்வுதான்; ஆனால் ஆட்சியாளரின் வீட்டு வாசலைத் தாண்டாமலேயே நூலைக் கேட்க முடிந்தது.

கோட்டைக்கே அதன்பின் ஆபத்து வந்தது. 1969இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். கெய்ரோவில் படித்துக்கொண்டிருந்த இளைஞர் சுல்தான் பின் முகம்மது அல் காசிமி செய்தி கேட்டு விரைந்து வந்தபோது, பெரும்பகுதி விழுந்து ஒரு கோபுரமும் கொஞ்சம் சுவரும் மிஞ்சியிருந்தன. மிஞ்சியதைக் காப்பாற்றியதோடு, கதவுகளையும் அளவுகளையும் குறித்துவைத்தார். 1972இல் ஆட்சிக்கு வந்த அவர், 1990களில் அந்தக் குறிப்புகளையும் பழைய படங்களையும் கொண்டே கோட்டையை மீண்டும் எழுப்பினார். ஒரு கட்டடத்துக்கு உசாத்துணை ஆவணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இது விடை.

அவரே ஆய்வாளராகவும் இருந்தது நூலகத்துக்கு வாய்த்த நல்வாய்ப்பு. எக்சிடர் பல்கலைக்கழகத்தில் 1985இல் முனைவர் பட்டம் பெற்றார். வளைகுடா அரபிகளைக் கடற்கொள்ளையர் என்று ஆங்கிலேயர் சொன்னதை மறுத்து 1986இல் வெளிவந்த அவருடைய நூல், பம்பாய் ஆவணக் காப்பகத்துக் கோப்புகளை ஆதாரமாகக் கொண்டது. ஷார்ஜாவிலிருந்து முகவர்கள் எழுதி அனுப்பிய கடிதங்களைத் தேடி ஷார்ஜாவின் ஆட்சியாளரே பம்பாய் ஆவணங்களைப் புரட்ட வேண்டியிருந்தது. அபுதாபியில் 1968இல் தொடங்கிய ஆவண ஆய்வு மையமும், கத்தார் தேசிய நூலகமும் பிரிட்டிஷ் நூலகமும் சேர்ந்து 2014இல் திறந்த கத்தார் மின்னூலகமும் இப்படி வெளியூர் ஆவணங்களைத் தேடிப் போகும் தேவையைக் குறைத்தன. ஒரு காலத்தில் பூட்டியிருந்த லோரிமரின் பக்கங்களை இன்று ரோலாவின் தேநீர்க் கடையில் உட்கார்ந்து கைப்பேசியிலேயே படிக்கலாம்.

நூலகம் இதற்கிடையே இடம் மாறிக்கொண்டே இருந்தது. 1980இல் ஆப்பிரிக்கா மண்டபம், 1987இல் கலாசார மையம், 1998இல் பல்கலைக்கழக நகரம், 2011இல் கலாசாரச் சதுக்கத்துப் புதிய கட்டடம். ஒவ்வொரு மாற்றத்திலும் இடவசதி கூடியது, நூல்கள் கூடின. ரோலாவிலிருந்து தூரமும் கூடியது. கோர்ஃபக்கான், கல்பா, தைத் போன்ற ஊர்களில் கிளைகள் திறந்தன. 2008இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்படி ஷார்ஜா அமீரகத்துக் குடிமக்களின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஐம்பது நூல்கள் கொண்ட அலமாரி வழங்கப்பட்டது. அலமாரி வீட்டுக்கு வந்தது நல்ல காரியம்தான். ஆனால் அலமாரியிடம் கேள்வி கேட்க முடியாது.

எண்ணெய்க் காலத்தில் ரோலாவுக்கு வந்து சேர்ந்தவர்களின் கேள்விகள் வேறு வகை. தமிழர், மலையாளி, வங்காளி, பாகிஸ்தானி என்று வந்த தொழிலாளர்களுக்கு விசா, வேலை ஒப்பந்தம், வாடகைச் சீட்டு எல்லாம் அரபியில் இருந்தன. நூலகம் என்ற பலகையைத் தேடியவர்களும் ஏமாந்திருப்பார்கள்: அரபியில் ‘மக்தபா’ என்ற சொல் நூலகத்துக்கும் நோட்டுப் புத்தகக் கடைக்கும் பொது. கடைத்தெருவில் அந்தச் சொல்லைத் தாங்கிய பலகைக்குக் கீழே பேனாவும் பள்ளிப் பையும்தான் விற்கும்.

அவர்களுடைய உசாத்துணை மேசை டைப்பிங் சென்டர். பாஸ்போர்ட் நகல், விசா நகல், வெள்ளைப் பின்னணியில் புகைப்படம் மூன்றையும் நீட்டினால், மேசைக்குப் பின்னாலிருப்பவர், பெரும்பாலும் மலையாளி, படிவத்தை அரபியில் நிரப்பித் தருவார். எந்த அலுவலகம், எந்த சன்னல், எத்தனை திர்ஹம் என்பதையும் சொல்லி அனுப்புவார். பல தொழிலாளர்களுக்கு அரசோடு இருந்த ஒரே பாலம் அதுதான். அதன் குறையும் அதற்குள்ளேயே இருந்தது: அங்கே படிவத்துக்குத்தான் விடை கிடைக்கும், கேள்விக்கு அல்ல. சொன்னது சரியா என்று சரிபார்க்க ஆதாரம் எதையும் அங்கே காட்டுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு வேறுபாட்டை விளக்கலாம். ஒரு தொழிலாளி நூலகத்துக்கு வந்து அரபு அகராதி கேட்கிறார் என்று கொள்வோம். அகராதியை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவது சுலபம். பயிற்சி பெற்ற நூலகர் எந்தச் சொல்லைத் தேடுகிறீர்கள் என்று கேட்பார். கையெழுத்துப் போடச் சொல்லித் தந்த தாளில் ‘தனாஸுல்’ என்று இருக்கிறது என்று பதில் வரும். உரிமையை விட்டுக்கொடுத்தல் என்று அகராதி பொருள் சொல்லும். அவருக்கு வேண்டியதோ எந்த உரிமை, எவ்வளவு என்பது. இப்போது தேவைப்படுவது அகராதி அல்ல, தொழிலாளர் சட்டம். அதிலும் 1980ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டம் அல்ல, அதற்குப் பதிலாக 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் ஆணைச் சட்டம். பழைய பதிப்பை எடுத்துக் கொடுக்கும் நூலகர் விடையே கொடுக்காதவரைவிட மோசம். சட்டத்தின் பிரிவைக் காட்டுவதோடு நூலகரின் எல்லை முடிகிறது. கையெழுத்துப் போடலாமா கூடாதா என்று சொல்வது வழக்கறிஞரின் வேலை. அவரிடம் எப்படிப் போவது என்று வழிகாட்டுவது மறுபடியும் நூலகரின் வேலை.

கேட்பவர் முதலில் கேட்பது பெரும்பாலும் அவருக்கு வேண்டியது அல்ல என்பதை அமெரிக்க நூலகவியலார் ராபர்ட் டெய்லர் 1968இல் விரிவாக எழுதினார். மனத்துக்குள் இருக்கும் குழப்பம் வாய்க்கு வந்து சேரும்போது, நூலகத்தில் என்ன கிடைக்கும் என்று கேட்பவர் கருதுகிறாரோ அந்த வடிவத்தை எடுத்துக்கொள்கிறது என்றார். புலம்பெயர்ந்த தொழிலாளிக்கு மொழி என்ற இன்னொரு சல்லடையும் சேர்கிறது. 2010இல் துபாயில் தொடங்கிய இந்தியத் தொழிலாளர் உதவி மையம் இந்த இடைவெளியில் ஒரு பகுதியை நிரப்பியது. பின்னர் ‘பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா’ என்று பெயர் மாறிய அந்த மையம், அழைப்பவரின் சிக்கலைக் கேட்டு உரிய இடத்துக்கு அனுப்புகிறது. நூலகம் அல்ல, ஆனால் செய்வது உசாத்துணையின் பாதி.

யுனெஸ்கோ ஷார்ஜாவை 2019ஆம் ஆண்டுக்கான உலகப் புத்தகத் தலைநகராக அறிவித்தது. அதன் நினைவாக ‘ஞான இல்லம்’ என்ற புதிய நூலகம் 2020 டிசம்பரில் திறந்தது. பாக்தாதின் பழைய பைத்துல் ஹிக்மாவின் பெயரைத் தாங்கிய அந்தக் கட்டடத்தை நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் வடிவமைத்தது. கேட்ட நூலை நின்ற இடத்திலேயே அச்சிட்டுத் தைத்துத் தரும் இயந்திரம் அங்கே உண்டு. துபாயில் 2022இல் திறந்த முகம்மது பின் ராஷித் நூலகம் குர்ஆன் வைக்கும் ரெஹல் பலகையின் வடிவில் எழுந்துள்ளது. இத்தகைய கட்டடங்களைப் புகைப்படம் எடுப்பது எளிது. உசாத்துணை மேசையை எடுத்தால் இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பது மட்டுமே படத்தில் தெரியும். செய்திகளில் அது இடம்பெறாததற்கு இதுவும் ஒரு காரணம். கேட்டவுடன் விடை சொல்லும் கணினிச் செயலிகள் வந்த பிறகும் ஒரு பழைய விதி மாறவில்லை: உசாத்துணை நூலகர் விடையைச் சொல்லும்போது அது எந்த நூலில், எந்தப் பக்கத்தில், எந்த ஆண்டின் பதிப்பில் உள்ளது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ரோலாவின் ஆலமரம் 1978இல் பட்டுப்போனது. அது நின்ற சதுக்கத்தில் மரத்தின் நினைவாக ஒரு சின்னம் நிற்கிறது. அல் ஹிஸ்ன் கோட்டை அருங்காட்சியகமாகிவிட்டது. கோட்டைக்குள் தொடங்கிய நூலகம் 2025இல் நூறாண்டை நிறைவு செய்தது. அது இப்போது ரோலாவிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, கலாசாரச் சதுக்கத்தில் இருக்கிறது.